பருத்தி ஆடை மட்டும்

காலை வேனில் வந்து இறங்கிய பெண்கள் பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட வேண்டும். செல்போனைக் கொடுத்துவிட வேண்டும். சேலை பருத்திதானா என்பதை போர்மேன் மாரீஸ்வரன் பார்வையிலேயே சொல்லிவிடுவான். நைலான் உரசிக் கிளம்புகிற பொறி போதும், வெடிமருந்து பிடித்துக்கொள்ளும்.

ஆபரேஷன் முடிந்து அன்றுதான் மாடத்தி வேலைக்கு வந்திருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த காலுறை சேலைக்குள்ளே வலது காலை இறுக்கிப் பிடித்திருந்தது. தோல் நிறம் என்றுதான் கொடுத்தார்கள், யாருடைய தோலோ. பாதம் காட்டிக்கொடுத்துவிடும் என்று உறையைக் கணுக்காலுக்கு மேலே சுருட்டி விட்டிருந்தாள். மாரீஸ்வரன் சேலையைப் பார்த்துத் தலையாட்டினான்.

கர்ப்பப்பைப் புற்றுக்கட்டிக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்த பிறகு வீங்கிய கால் அது. ஊர் அதை யானைக்கால் என்றது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி எழுந்து வேறு இடம் போனாள். மதுரையில்தான் ஒரு டாக்டரம்மா காலில் ஆபரேஷன் செய்து, பிறகு உட்காரவைத்து விளக்கினாள்.

"தலைமுடிய விட மெல்லிசான நூலு. மைக்ராஸ்கோப்புல பாத்து, தேங்குற நீரு போற குழாயை ரத்தக் குழாயோட சேத்துத் தச்சிருக்கோம். இனி உங்க பொறுப்பு. நடந்தாலும் உக்காந்தாலும் இந்த உறை காலுல இருக்கணும். இல்லைன்னா பழையபடி வீங்கிடும்."

கால் வற்றியது. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்த அன்று மாடத்தி அதைத் தடவித் தடவி அழுதாள்.

அறையில் நாத்தனார் வேல்விழி பக்கத்தில் இடம். புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. வேல்விழியின் புருஷன் பாலகுரு இதே வேலையில் வேறொரு கம்பெனி வெடிவிபத்தில் போய்ச் சேர்ந்தவன். அவன் போட்டிருந்த பாலியெஸ்டர் சட்டைதான் காரணம் என்றது அந்தக் கம்பெனி. அன்று காலையில் பருத்திச் சட்டையை எடுத்துக் கொடுத்தவள் வேல்விழி. ஆளும் இல்லை, சட்டையும் இல்லை, அவள் எதைக் காட்டி மறுப்பாள்?

மரத்துப்போன காலை மாடத்தி லேசாக நீட்டியபோது சேலை விலகியது.

"மதினி, என்னது இது?"

"டாக்டரம்மா குடுத்தது. சத்தம் போடாத."

"நைலானா?"

மாடத்தி சேலையை இழுத்து மூடினாள். வேல்விழி கையில் இருந்த பூச்சட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஒங்க காலு பட்ட பாடு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில பீ மூத்திரம் அள்ளுனவ நாந்தான். ஆனா எம்பிள்ளைக்கு இனி நான் ஒருத்திதான மதினி. கும்பிட்டுக் கேக்கேன், வெளிய போய்க் கழட்டிட்டு வாங்க."

மாடத்தி எழுந்து கேட்டுக்கு வெளியே போனாள். வாகை மரத்தடியில் உட்கார்ந்து உறையை உருட்டிக் கழற்றினாள். பிறகு மாரீஸ்வரனிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்னை அட்டைப்பெட்டி ஒட்டுற பக்கம் போட்டு விடுங்க தம்பி. அங்கன மருந்து கெடையாதுல்ல."

"அங்க ஆளு நெறஞ்சு கெடக்குக்கா. சீசன் முடியட்டும், பாப்போம்."

"அதுக்குள்ள காலு போயிருமே."

"நானா மாட்டேங்கேன்? நாளைக்கு ஏதும் ஆச்சுன்னா ஒங்க சாக்ஸத்தான் சொல்லுவாக."

வேலையை விட்டுவிடலாம்தான். சாத்தூர்ப் பக்கம் வேறு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் வாசலில் அதே போர்டு, 'பருத்தி ஆடை மட்டும்'. வீட்டில் உலை கொதிப்பது அவள் கூலியால்.

வேல்விழி தன் பழைய சுங்குடிச் சேலையைப் பட்டை பட்டையாகக் கிழித்தாள். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே மதினியின் காலில் இறுக்கிச் சுற்றிவிட்டாள். மத்தியானத்துக்குள் அது தொளதொளத்து இறங்கிவிடும். சாயங்காலம் வெளியே வந்ததும் உறையை மாட்டிவிடுவதும் அவள்தான். ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்தது. கணுக்கால் எலும்பு மறுபடி உள்ளே போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வேன் புறப்பட நின்றது. வேல்விழி மரத்தடியில் மண்டியிட்டிருந்தாள்.

"காலை நீட்டுங்க மதினி."

"விடுத்தா. வேன்காரன் கத்துவான்."

"கத்தட்டும். நீட்டுங்க."

உறை குதிகாலைத் தாண்டியது. கெண்டைக்காலில் நின்றுகொண்டது. வேல்விழி பல்லைக் கடித்து இழுத்தாள். இரண்டு கையாலும் சதையை அமுக்கிப் பிடித்து மறுபடி இழுத்தாள். அது ஏறவில்லை.

"நேத்து ஏறுச்சே மதினி. நேத்து ஏறுச்சே."

மாடத்தி குனிந்து அவள் கைகளை விலக்கினாள். எவ்வளவு கழுவியும் போகாத பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி அந்த விரல்களில் ஒட்டியிருந்தது. கட்டைவிரல் அழுந்திய இடத்தில் காலில் ஒரு குழி விழுந்திருந்தது. விரலை எடுத்த பிறகும் அது அப்படியே இருந்தது.