இருபத்து மூன்றாவது சொல்

கணவரின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியின் முடிச்சைத் தங்கமணி சரிசெய்துகொண்டிருந்தபோது, சுடலைமுத்து தலைமாட்டில் இருந்த சின்னப் பேசும் பெட்டியின் வயரைப் பிடுங்கினான்.

"அண்ணனே போயிட்டான். இத இனி யாருக்கு மதினி வைக்கணும்? ஓரமாப் போட்டுருதேன்."

"அங்கேயே இருக்கட்டும் தம்பி."

அவன் வாசலைப் பார்த்தான். வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் சக்தி தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"அவன் வேற வந்து நிக்கான். வீடு கட்ட வச்சிருந்த மனைய விக்க வச்சவன். படி ஏற விட்டுராதீக."

நான்கு வருடத்துக்கு முன்னால் என்றால் தங்கமணியும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

சக்தி அப்போது மாடியில் குடியிருந்தான். ராயக்கோட்டையில் தக்காளி போடுகிற குடும்பம். வாயால் சொன்னால் கேட்கிற காருக்கு மென்பொருள் எழுதப்போகிறேன் என்று ஒரு சின்ன கம்பெனி ஆரம்பித்தான். ஓசூரில் கார் உதிரிபாக ஆலையில் சூப்பர்வைசராக இருந்த அவள் கணவர் ரத்தினவேல், பாகலூர் ரோட்டு மனையை விற்று அதில் முதல் போட்டார். பணத்தோடு விட்டாரா, குரலையும் போட்டார். ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலில் நின்ற பழைய காருக்குள் உட்கார்ந்து, "கண்ணாடிய இறக்கு, விளக்கப் போடு" என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். "உங்க வீட்டுக்காரரு பேச்சக் கேக்க ஒரு காராவது இருக்குதே, விடு தங்கமணி" என்பாள் எதிர்வீட்டு மாரம்மா.

கடைசியில் அவர் பேச்சை மட்டும்தான் அது கேட்டது. மென்பொருளை விலைக்கு வாங்க பெங்களூரிலிருந்து வந்த அதிகாரிகள் ஒவ்வொருவராக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார்கள். கண்ணாடி அசையவில்லை. பின்சீட்டில் இருந்த ரத்தினவேல் பொறுக்கமாட்டாமல் மெல்லச் சொன்னார். உடனே இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் கம்பெனியைப் பூட்டினார்கள்.

அதற்கப்புறம்தான் பக்கவாதம். வலது கையும் நாக்கும் போயின. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் சொல்வது ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கேட்டவருக்குப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பார்க்க வந்த சக்தி அவர் குழறுவதைக் கேட்டுவிட்டுச் சொன்னான். "ஒரே ஆளு குரலுக்குப் பழக்கறதுன்னா எனக்கு வரும்க்கா. கார்ல அதுதான் தப்பாப் போச்சு. இங்க அதுதான் வேணும்."

பெங்களூர் வேலையிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்தான். அவர் வாயருகே காதை வைத்துக் குனிந்து, என்ன சொல்கிறார் என்று பிடிபடும்வரை அப்படியே இருப்பான். பிறகு மைக்கை நீட்டுவான். ஒரு சொல்லுக்கு ஒரு ஞாயிறு; முழுப் பேச்சானாலும் அவர்கள் கணக்கில் அது ஒரு சொல்தான். அவர் குழறுவதைப் பெட்டி, பதிந்து வைத்திருந்த சக்தியின் தங்கை குரலில் தெளிவாகத் திருப்பிச் சொல்லும். "கண்ணு கூசுது, சன்னலச் சாத்து" என்று அது முதன்முதலில் சொன்ன அன்று, தங்கமணி சன்னலைச் சாத்திவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

இருபத்திரண்டு சொல் ஆயிற்று. இருபத்து மூன்றாவதைப் போன ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பழக்கினார்கள். கேட்டதற்குச் சக்தி, "சாரே சொல்லுவாருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

இன்று காலைதான் சொன்னார்.

"தங்கமணி, சாப்டியா?"

ஆலையிலிருந்து தினமும் மத்தியானம் போன் செய்து அவர் கேட்டுவந்தது இந்த ஒன்றைத்தான். "அப்புறமா" என்றாள். பெட்டி மறுபடியும் கேட்டது. அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டே இரண்டு தோசை தின்றாள். கை கழுவி வந்தபோது அவர் இல்லை. இத்தனை பேர் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நிற்கிற வீட்டில், அவள் வயிறு மட்டும் காயவில்லை. காலையிலிருந்து அது அவளுக்குக் குற்றமாக உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. சாப்பிட வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"வாய்க்கரிசி போடுறவுக வாங்க" என்றான் சுடலைமுத்து. உறவினர்கள் ஒவ்வொருவராகப் போட்டு நகர்ந்தார்கள். தங்கமணி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"சக்தி, உள்ள வா. வந்து போடு."

பேச்சு அடங்கியது. "மதினி, இது ஒறமொறைக்காரங்க போடுறது" என்றான் சுடலைமுத்து, குரலைத் தாழ்த்தி.

"அந்த வாய் சொன்னது கடைசியா இவனுக்குத்தான் தம்பி புரிஞ்சுது. மனைய விக்காம வீட்டக் கட்டியிருந்தா, அதுக்குள்ள ஊமையா கெடந்துதான் போயிருப்பாரு உங்கண்ணன்."

சக்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தான். குனிந்த பழக்கத்தில் தலை தானாகத் திரும்பி, காது அவர் உதட்டருகே போய் நின்றது. அரிசி கைக்குள்ளேயே இருந்தது.

சுடலைமுத்து தட்டை ஏந்தியபடி நின்றான். அவசரப்படுத்தவில்லை.