சரி அண்ணாச்சி

பீர் மைதீன் பாயை அன்று சாயங்காலத்துக்குள் வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது; பாயைப் பற்றி அவர் காதில் ஓதியதே நான்தான். ஊடை நூலைச் சிவப்புக்கு மாற்றச் சொன்னால் பச்சையிலேயே ஒரு சேலை முழுக்க நெய்து வைப்பார். ஏன் என்று கேட்டால், "சரி அண்ணாச்சி." ஏசினால், "சரி அண்ணாச்சி." மனுஷனுக்கு எவ்வளவு திமிர் பாருங்கள்!

சங்கரன்கோவிலில் எங்கள் விசைத்தறிக் கூடத்துக்கு நான் மேஸ்திரி. பேர் ஏசுவடியான், குணம் பேருக்கு நேர் எதிர். அதனால்தான் ஆட்களிடம் பேசக் கற்றுக்கொள்ளச் சொல்லி, தென்காசியில் நடந்த பயிற்சிக்கு முதலாளி என்னை அனுப்பினார். "ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேட்காதீர்கள். என்ன, எப்படி என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள்" என்றார் அங்கே பேசிய அம்மா. வாயை மூடுவதா, நானா? இருந்தாலும் பாய் கடையநல்லூரிலிருந்து பல வருஷமாக பஸ் ஏறி வருகிற ஆள். ஒரு தடவை அப்படிக் கேட்டுவிட்டே அனுப்புவோம் என்று ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டேன்.

கதவைச் சாத்தியும் தறிச்சத்தம் உள்ளே வந்தது. பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"பாய், உமக்கு என்ன பிரச்சினை? நீரே சொல்லும்."

"சரி அண்ணாச்சி."

பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். 

"என்னவே, பிரச்சினை என்னன்னு கேட்டா சரிங்கீரு?"

"சரி அண்ணாச்சி. இனி அப்படி நடக்காது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உம்மள வேலைய விட்டு நிப்பாட்டியாச்சு. நாளையிலருந்து வராண்டாம்!"

பாய் பணிவாகத் தலையாட்டினார். "சரி அண்ணாச்சி. இனி காலைல வெள்ளனயே வந்துருதேன்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. திமிரும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த மனுஷனுக்குக் காது கேட்கவில்லை. கேட்காத காதில் இத்தனை மாசம் நாய் மாதிரிக் குரைத்திருக்கிறேன், பாவி!

அவர் தோளைத் தொட்டேன். நிமிர்ந்தார். என் வாயைப் பார்க்கும்படி நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "உம்மள எங்கயும் அனுப்பல. முதலாளிட்ட நான் பேசுதேன். காதுக்கு என்னவே ஆச்சு?"

பாயின் கண் கலங்கிவிட்டது. "இரைச்சல் மட்டுந்தான் கேக்கு அண்ணாச்சி. பேச்சு கேக்க மாட்டேங்கு. வாயைப் பார்த்தா வெளங்கும். நீங்க ஏசும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியுமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? ஏன்வே சொல்லல?"

"சொன்னேனே அண்ணாச்சி. நோன்புப் பெருநாள் கழிஞ்சு வந்த அன்னைக்கு, தறிகிட்ட வச்சுச் சொன்னேன். நீங்க தலைய ஆட்டி, 'சரி பாய், சரி பாய்'ன்னுட்டுப் போயிட்டீங்க."