இரண்டாம் வார்டுச் சுவர் தெளிந்த வருடம்

பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டாம் வார்டுச் சுவரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தட்டளவு இடம் கண்ணாடியாகிவிட்டது. அதன் வழியே எதிர்ச்சாரியில் சைக்கிளுக்குக் காற்றடிப்பவன் தெரிந்தான். அந்த இடத்தையொட்டிய கட்டிலில் பிள்ளை பெற்று மூன்று நாள் ஆனவளுக்குச் சாயங்காலம் குளிர்காய்ச்சல் கண்டது. வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு வட்டங்கள், இன்னும் இரண்டு பேர். மேஸ்திரி பூசிய சுண்ணாம்பும் காய்ந்ததும் தெளிந்துபோனது.

மாடியில் கிருமி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவளுக்கு அந்த வட்டம் பழகின முகம். ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில், பிரசவக் காய்ச்சல் தரும் மணிமாலை போன்ற கிருமியை வளர்த்தால் சுற்றிலும் ரத்தம் கரைந்து இப்படித்தான் தெளியும். கிருமியை வடிகட்டிவிட்டு, அது வளர்ந்த நீரை மட்டும் விட்டாலும் கரையும். விஷம் கிருமியை விட்டுத் தனியே திரிகிறது என்பதுவரை புரிந்தது. தட்டில் நடப்பது சுவரில் ஏன் நடக்கிறது என்பதுதான் மண்டையைக் குடைந்தது. தினமும் வார்டுக்கு இறங்கிப்போய்க் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து விசாரித்தாள். பெரிய டாக்டர், மருத்துவச்சி, ஆயா என்று எல்லார் தொண்டையிலும் பஞ்சு விட்டுத் துடைத்துத் தட்டில் வளர்த்துப் பார்த்தாள். எல்லாத் தட்டுகளும் தெளியாமல் சிவப்பாகவே இருந்தன.

அந்தச் சமயத்தில் அவள் தங்கை அதே வார்டுக்குப் பிரசவத்துக்கு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது தங்கை சிரித்தாள். "அக்கா, நீ பேசப் பேச என் தகர டம்ளர் கண்ணாடியாகுது, பாரேன்."

அவள் மறுபேச்சில்லாமல் மாடியேறித் தன் தொண்டையைத் துடைத்தெடுத்தாள். மறுநாள் தட்டு முழுக்கத் தெளிந்து, அடியில் மேஜையின் மரவரி தெரிந்தது.

"எனக்கு ஒரு இருமல்கூட இல்லையே சார்," என்றாள் பெரிய டாக்டரிடம்.

"உனக்குத் தெரியாதும்மா. நீ என்ன செய்வே?"

"அப்ப யாருக்குத் தெரிஞ்சிருக்கணும்?"



அதற்குப்பின் அவள் வார்டுக்குள் கால் வைக்கவில்லை. தங்கைக்குப் பெண் பிறந்ததைத் தெருவில் நின்று வட்டத்தின் வழியே பார்த்தாள். மூன்றாம் நாள் தங்கைக்கும் குளிர்காய்ச்சல் கண்டு பல் கிட்டியது. இவள் வெயிலில் நின்ற இடத்திலேயே நின்றாள். சாயங்காலம் தங்கையின் நடுக்கம் தானாக விட்டது. ஏன் வந்தது, ஏன் போனது என்று எத்தனை தட்டு வளர்த்தும் அவளுக்கு விளங்கவில்லை.

வாயில் துணி கட்டாமல் இப்போது யாரும் உள்ளே போவதில்லை. புது வட்டம் எதுவும் விழவில்லை, பழையவை மறையவுமில்லை. பிரசவத்துக்கு வருகிறவர்கள் வெளிச்சம் நன்றாக வருகிறதென்று அந்த மூன்று கட்டில்களையே கேட்டு வாங்குகிறார்கள்.