மூன்று கிலோமீட்டர் பொய்

பாகம் பாகமாகப் பெட்டிகளில் கப்பலேறி வந்த காரை ஒருத்தி தன் கையாலேயே பூட்டி, ஓடுகிற காராக்கி முடித்தாள் என்றால் ஷார்ஜாவில் யார் நம்புவார்கள்? நளினியின் கணவன் சாருஜனே நம்பவில்லை. வேலை பார்க்கும் ராஸ் லஃபானிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம், "உன்ர கார் இன்னும் பெட்டிக்குள்ள நித்திரையோ?" என்று நக்கலடிப்பான். நாளை அவன் லீவில் வருகிறான். அந்தக் காரிலேயே ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப் போவதாக நளினி வாய்விட்டிருந்தாள்.

வாய்விட்டது மட்டுமா? காரின் தற்காலிகப் பர்மிட்டும் இன்றோடு முடிகிறது. இன்று வாகனச் சோதனையில் பாஸாகாவிட்டால் பதினான்கு மாத வெள்ளிக்கிழமைகளின் உழைப்பைப் பிரித்து விற்க வேண்டியதுதான்.

டெஸ்டிங்கில் பிரேக் பாஸ். விளக்கு, புகை எல்லாம் பாஸ். கடைசியில் சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டு இன்ஸ்பெக்டர் மஹ்மூது ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார். நிஜ வேகம் எண்பது. முள்ளோ எழுபத்தேழில் நின்றது.

"மாஃபி பாஸ், சிஸ்டர்." பாஸ் இல்லையாம். மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் பரவாயில்லை, குறைத்துக் காட்டவே கூடாது என்று ஹிந்தியில் விளக்கினார். பன்னிரண்டரைக்குள் சரிசெய்தால் இன்னொரு முறை பார்ப்பாராம். அப்போதே மணி பதினொன்றே முக்கால்.

நளினிக்கு முகம் தொங்கிவிட்டது. சக்கரத்தில் சாக்கால் கோடு போட்டு, பத்துச் சுற்று உருட்டி, டேப்பால் அளந்து, அந்த அளவை மீட்டரில் ஏற்றியவள் அவளேதான். கம்பெனியில் ஏசி குழாய்களுக்கு டிராயிங் போடுகிறவள். அரை சென்டிமீட்டர் தப்பினாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

கூட வந்திருந்த ஜெய்னுலாப்தீன் கீழக்கரைக்காரர், யாழ்ப்பாணத்து நளினிக்கு 'நானா', அதாவது அண்ணன். அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கிற மணல் முற்றத்தில்தான் கார் உருவானது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

"தங்கச்சி, காலைல காத்தெ எறக்கித்தானே மணல்லேர்ந்து வெளியே எடுத்தோம்? அப்புறம் பெட்ரோல் பம்புல நீ ஃபுல்லா அடிச்சிட்டே. அதான் வண்டிக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு!"

நளினி சட்டென்று நிமிர்ந்தாள். "நானா, நாங்கள் அளந்த அண்டைக்கு டயரில காத்து எவ்வளவு இருந்தது?"

"மணல்ல பலகை போட்டுல்ல உருட்டினோம்? பாதிதான் இருந்திருக்கும்."

அட, அநியாயமே! மணலில் புதையாமலிருக்க டயர்க் காற்றை இறக்குவது இந்த ஊரில் பல் துலக்குவது மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை. அவள் அளந்தது சப்பிப்போன சக்கரத்தை. காற்று நிறைந்த சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது. அது பாவம், மீட்டருக்கு எப்படித் தெரியும்?

"அப்ப இப்பவும் எறக்கிருவோம்! எண்பதுக்கு எண்பது காட்டும். கலாஸ், வேலை முடிஞ்சிச்சு!"

"அப்பிடிப் பாஸாகி, நாளைக்கு அவர் பக்கத்தில இருக்கேக்க இது பொய் சொல்லட்டோ? வேண்டாம் நானா. காரைத் தள்ளுங்கோ."

கொதிக்கிற தாரில் அவர் முக்கி முனகித் தள்ளினார். அவள் குனிந்து சுற்றுகளை எண்ணினாள். பத்துச் சுற்றுக்கு அன்றைவிட எழுபது சென்டிமீட்டர் கூடுதல்! ஃபைலின் முதுகில் கணக்குப் போட்டு, மீட்டரின் அடியிலிருந்த பொத்தானை அமுக்கிப் புது அளவை ஏற்றினாள். எதற்கும் ஒரு துளி கூட்டியே வைத்தாள்.

பன்னிரண்டு இருபத்தைந்து. உருளைகள் சுழன்றன. நிஜ வேகம் எண்பது, முள் எண்பத்தொன்று. மஹ்மூது நாற்பதிலும் நூறிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் யார்?" என்று ஜெய்னுலாப்தீனைக் கேட்டார். மூச்சிரைக்க நின்ற அவர் நளினியைக் காட்டினார். "மாஷா அல்லாஹ்!" என்று மஹ்மூது முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

நளினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ராஸ் லஃபானுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு டாக்சி பிடிக்காதேங்கோ."

நக்கலில்லாமல், "உண்மையாவோ?" என்றான் சாருஜன்.

"வந்து மீட்டரைக் கேளுங்கோ!"

கடை வாசலுக்குத் திரும்பியதும் ஜெய்னுலாப்தீன் பழக்கதோஷத்தில் டயர் பக்கம் குனிந்தார். "நானா, காத்தில கை வச்சால் தெரியும்!" என்று நளினி கத்தினாள். அன்று கார் மணலில் இறங்கவேயில்லை. புது நம்பர் பிளேட்டோடு தார் ரோட்டிலேயே நின்றது.