எட்டரை மணிக் கஞ்சி

விடியும்போது தேயிலைச் செடி முழுக்க நனைந்து நிற்கும். இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு செடி நிரைக்குள் இறங்கினால் தொடைக்குக் கீழே எல்லாம் ஈரம். முதல் அரை மணி நேரம் விரல்கள் நம் சொல் கேட்காது. கால் விரலிடுக்கில் ஏறிய அட்டை, வயிறு முட்டக் குடித்துவிட்டு உருண்டு விழுந்த பிறகுதான் நமக்குத் தெரியும். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி வேனில் போகும் சுற்றுலாக்காரர்கள் இந்த நேரத்தில் எங்களைப் படம் எடுப்பதில்லை. வெயில் வந்து நாங்கள் பார்க்க அழகான பிறகுதான் எடுப்பார்கள்.

அன்றைக்குத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் நாங்கள் பதினாறு பெண்கள் இறங்கினோம். எனக்கு அடுத்த நிரை நாகலெட்சுமி அக்காவுடையது. முதல் கொழுந்தைக் கிள்ளியதும் அவள் கையை வெடுக்கென்று உதறினாள்.

"என்னக்கா, அட்டையா?"

"இல்ல சுதர்ஷினி. தொட்டா கரண்டு அடிக்குது."

கண்டி ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏற்றிய மருந்து அப்படி. குளிர்ந்த எதையும் தொடக்கூடாது, குளிர்ந்த தண்ணீர் குடிக்கக்கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கையுறை போட்ட கையால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ள முடியாது. அவள் மறுபடி கையை நீட்டினாள், கிள்ளினாள், உதறினாள். மலை வேலை முடியும்வரை அப்படித்தான் பறித்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. புருஷன் செத்து ஒன்பது வருஷம். மகள் கிருஷாந்தி கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். ஒரு வருஷமாக அக்காவுக்கு வயிற்று நோவு. தோட்டத்து டிஸ்பென்சரியில் மாதா மாதம் போத்தலில் வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். 'கேஸ்ட்டிக்'தான், வெறும் வயிற்றில் தேத்தண்ணீர் குடிக்காதே என்றார்கள். வெறும் வயிற்றில் தேத்தண்ணீர் குடிக்காதவள் இந்தத் தோட்டத்தில் யார்? அவள் உடம்பு வற்றியபோது, "கொமரிப்புள்ள மாதிரி ஆயிட்டியேக்கா, மாப்பிள்ள பாக்கவா?" என்று சிரித்தவள் நான்தான். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு நாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். கிருஷாந்தி வந்து கண்டிக்குக் கூட்டிப் போனாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்று. முதலில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாக நாலு தடவை மருந்து, அது சுருங்கினால் வெட்டி எடுக்கலாம் என்றார்கள். அங்கே இருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸி மட்டும் அவள் கையைப் பிடித்து விளங்கச் சொன்னாளாம்.

"அம்மா, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிடணும். பசி வரும்னு காத்திருக்காதீங்க, வராது. இப்ப முப்பத்தெட்டு கிலோ இருக்கீங்க. இன்னும் எறங்கினா அடுத்த மருந்து ஏத்த மாட்டாங்க. ஒடம்பு தாங்காது."

அவள் உயிர் இப்போது அந்த முப்பத்தெட்டில் நின்றது. ஆனால் எங்கள் மலையில் பன்னிரண்டு மணிக்கு முன்னால் யாரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக்கூடாது. வீட்டில் படுக்கவும் வழியில்லை. வேலைக்கு வராதவள் பேரைச் செக்ரோல் புத்தகத்தில் இருந்து வெட்டுவார்கள். பேர் இல்லாதவளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை. எதிர்க் காம்பரா இராமையாவைச் சாமான்களோடு மழையில் இறக்கிவிட்டதை எல்லாரும் வாசலில் நின்று பார்த்தோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அதனால் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். பிள்ளைத்தாச்சியோ காய்ச்சல்காரியோ மலையில் பின்தங்கினால், பக்கத்து நிரைக்காரி போகிற போக்கில் அவள் கூடையில் ஒரு பிடி போட்டுவிட்டுப் போவாள். பாட்டி காலத்துப் பழக்கம். போட்டதைச் சொல்லக்கூடாது, வாங்கியவள் நன்றி சொல்லக்கூடாது. நாகலெட்சுமி அக்காவால் பதினொரு கிலோதான் பறிக்க முடிந்தது. ஒவ்வொரு நிறுவைக்கு முன்னாலும் நாங்கள் பதினைந்து பேரும் ஆளுக்கு இரண்டு பிடி இறுக்கிப் போட்டோம். சாயந்தரம் அவள் பேருக்கு இருபது கிலோ விழுந்தது. முழுப் பேர், முழு நாள் சம்பளம். எங்களை மேற்பார்க்கும் கண்டாக்கு யோகேஸ்வரன் தராசைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எழுதிக்கொண்டான். தோட்டத்தையே ஏமாற்றிவிட்டோம் என்று லயம் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தோம்.

இப்படியே நாலைந்து நாள் போய், அந்தக் கிழமைக் கடைசியில் ராக்காயி அக்காவும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனோம். ராக்காயிதான் எங்களில் மூத்தவள். வாயில் வெற்றிலை இல்லாத நேரத்தில் சண்டை இருக்கும். தோட்டத்து மேனேஜர் தொரை ஆஸ்பத்திரிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நல்ல தமிழ் பேசுவார், சத்தமே போடமாட்டார்.

"இதில ஓய்வு தேவைன்னு எழுதியிருக்கு. ஓய்வுன்னா வீட்டில."

"வீட்ல இருந்தா பேர வெட்டிடுவீங்களே சேர்," என்றேன்.

"அது சட்டம்."

"அப்பன்னா புள்ளக்காம்பராவுல வேல குடுங்க சேர். புள்ளைங்கள பாத்துக்கிட்டு உள்ள இருப்பாங்க. நேரத்துக்கு ஒரு வாய் கஞ்சி குடிப்பாங்க."

தொரை யோகேஸ்வரனைப் பார்த்தார். அவன் புத்தகத்தை விரித்து முன்னால் வைத்தான். இவனும் லயத்தில் பிறந்தவன்தான். இவன் அம்மாவின் கூடையிலும் யாராவது ஒரு பிடி போட்டிருப்பார்கள்.

"இருபது. இருபத்தொன்னு. இருபது. இருபது," என்று தொரை வாசித்தார். "நல்லா இருக்கிற பொம்பளைங்களே சில நாள் இவ்வளவு பறிக்கிறதில்லை. இவங்களுக்கு என்ன நோய்?"

 சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தோம். நாங்கள் போட்டது என்று சொன்னால் பதினாறு பேரும் களவு செய்ததாக எழுதுவார்கள். சொல்லாவிட்டால் இவள் திடகாத்திரமானவள். நாகலெட்சுமி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"அது ஏங் கொழுந்து இல்லீங்க," என்றாள் கடைசியில்.

"அப்ப யார்ட கொழுந்து?"

 அவள் எங்கள் பேரைச் சொல்லமாட்டாள் என்று தொரைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"மலையில நடுவுல கஞ்சி குடிக்கவாவது விடுங்க சேர். அஞ்சு நிமிசம்," என்றாள் ராக்காயி.

"ஒருத்திக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் உக்காருவீங்க," என்று தொரை கடிதத்தை மடித்து நீட்டினார். "நான் தோட்டம் நடத்துறேன், ஆஸ்பத்திரி இல்லை."

வெளியே வந்ததும் நாகலெட்சுமி அக்கா வடிகான் ஓரத்தில் குந்தி வாந்தி எடுத்தாள். மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. முதுகைத் தடவிவிட்டேன். கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது.

"இனிமே ஏங்கூடையில போடாதீங்க," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே. "நான் எவ்வளவு பறிக்கிறேனோ அதையே எழுதட்டும். சாகப் போறவன்னாவது நம்புவாங்க."

"வாயக் கழுவு," என்றாள் ராக்காயி. அப்புறம் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.  லயத்துப் படியில் கால் வைத்தபோதுதான் திரும்பினாள். "எல்லாரும் ஒக்காருவீங்கன்னுதானே சொன்னாரு?"

அன்றைக்குச் சாயந்தரம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போதே பேசி முடித்தோம். பேசி முடித்தோம் என்றால் ஒரே குரலில் இல்லை. பிரியந்திக்குக் கைக்குழந்தை, அழுதாள். அழகம்மா, யூனியன் தலைவரைக் கேட்டுச் செய்வோம் என்றாள். "தலைவரு மேலிடத்துக்கு எழுதுவாரு, மேலிடம் பதில் எழுதும், அதுக்குள்ள இவளுக்குக் கருமாதி முடிஞ்சிரும்," என்றாள் ராக்காயி. இராமையாவை இறக்கியபோது வாய் மூடி நின்றதை நான் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கும் தைரியம் வந்துவிடவும் இல்லை. 

திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மலையில் பனி விலகவில்லை. எங்களில் ஒருத்தியும் அக்காவின் கூடையில் பிடி போடவில்லை. பக்கத்தில் நின்று அவள் கையை உதறுவதைப் பார்த்துக்கொண்டு, போடாமல் இருப்பது, போடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. எட்டரை மணிக்கு அவள் கூடையை இறக்கி, செடியடியில் உட்கார்ந்து, சுடுதண்ணீர்ப் போத்தலில் கொண்டு வந்த அரிசிக் கஞ்சியை மூடியில் ஊற்றினாள். விரல் நடுங்கிக் கொஞ்சம் சிந்தியது.

"யாரு அது? கூடையைத் தூக்கு," என்று மேலே ரோட்டிலிருந்து யோகேஸ்வரன் கத்தினான்.

ராக்காயி தன் கூடையை இறக்கினாள். நிரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாள். அடுத்தது நான். பிறகு அழகம்மா. கடைசியாக, அழுதுகொண்டே, பிரியந்தி. உட்கார்ந்தால் செடி எங்களை மறைத்தது; மேலிருந்து பார்த்தால் மலையில் ஆளே இல்லாத மாதிரி இருந்திருக்கும்.

யோகேஸ்வரன் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தான். "எல்லாருக்கும் அரைப் பேர்தான், சொல்லிட்டேன்."

"எழுதிக்க தம்பி. பத்தரைக்கும் ஒக்காருவோம். அதையும் சேத்து எழுதிக்க," என்றாள் ராக்காயி.

அவன் போனை எடுத்து எங்களைப் படம் பிடித்தான். தொரைக்குப் பேசினான். அப்போது நாகலெட்சுமி அக்கா குடித்த இரண்டு வாய்க் கஞ்சியும் வெளியே வந்துவிட்டது. அவள் படங்கில் முகத்தை மூடிக்கொண்டாள்.

"போதும், எந்திரிங்கடி," என்றாள் உள்ளேயிருந்து. "ஒரு செத்த வயித்துக்காக எல்லாரும் வீதிக்கு வரணுமா? எந்திரிங்க."

யாரும் எழவில்லை. ராக்காயி நகர்ந்து வந்து, போத்தலைத் திறந்து மறுபடி மூடியில் ஊற்றினாள். ஆவி வந்தது.

"திரும்பக் குடி. அவசரம் இல்ல. நாங்க ஒக்காந்துதான் இருக்கோம்."

கீழே தேயிலை ஸ்டோர் வளைவில் தொரையின் ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.  அக்கா முகத்தைத் திறந்தாள், மூடியை இரண்டு கையாலும் பிடித்தாள். சூடு பட்டதும் விரல்களின் நடுக்கம் நின்றது. அவள் ஒரு வாய் குடித்தாள். நாங்கள் பதினைந்து பேரும் அது உள்ளே தங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஜீப் மேலே ரோட்டில் வந்து நின்றது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் இன்னொரு வாய் குடித்தாள்.