மூன்று வருஷமாக நாலரை வயது

ஆனைக்குட்டத்தில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வருஷம் பிறந்தால் ஒரு வயது கூடும். ஊர்க்காவலன் என்பவனின் மகள் பாலம்மாளுக்கு மட்டும் மூன்று வருஷமாக நாலரை வயதுதான்.

சித்திரை வந்தால் பள்ளிக்கூடத்துத் தேவமணி டீச்சர் நோட்டும் கையுமாகத் தெருத் தெருவாக வருவார். எந்த வீட்டில் சேர்க்கிற வயதில் பிள்ளை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். ஊர்க்காவலன் வாசலிலேயே மறித்து, "நாலரை டீச்சர். அஞ்சு முடியட்டும், நானே கொண்டாந்து விடுதேன்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லி அனுப்பிவிடுவான். முதல் தடவை அது உண்மைதான். மறுவருஷமும் அதையேதான் சொன்னான். அதற்கடுத்த வருஷமும் கூசாமல் அதையே சொன்னான்.

பிள்ளைக்கு இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது இரண்டு கால்களிலும் இருந்த வலுவையும் கொண்டு போய்விட்டது. மகள் தன் காலால் நடந்துதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய வேண்டும், தூக்கிக்கொண்டு போய் இறக்கினால் முதல் நாளே 'நொண்டி' என்று பேர் வைத்துவிடுவார்கள் என்பது ஊர்க்காவலன் கட்சி. அதனால் அவள் நடக்கிற வரைக்கும் வயதை நிறுத்தி வைத்திருந்தான்.

இதை நினைத்தாலே அவன் பெண்சாதி மாரித்தாய்க்குப் பற்றிக்கொண்டு வரும். அவளும் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறாள், இந்த மனுஷனுக்கு எல்லாமே நாளைக்குச் சரியாகிவிடும். மழை பெய்யவில்லையா, அடுத்த வாரம் கொட்டும். கம்பெனியில் கூலி கூட்டவில்லையா, சீசன் வந்தால் கூட்டுவார்கள். கூரை ஒழுகுகிறதா, அது தானாக நின்றுவிடும். எப்படி ஐயா தானாக நிற்கும்? மழை நின்றால் நிற்குமாம்!

இருவரும் தீப்பெட்டிக் கம்பெனிக்குக் கிளம்புமுன் காலையில் ஒரு கூத்து நடக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி. அதற்குள் பிள்ளையை இறக்கி நிறுத்தி, இடுப்பு வரை ஆற்று மணலைப் போட்டு மூடுவான். அப்படிச் செய்தால் கால் உறுதிப்படும் என்று சாத்தூரில் யாரோ சொன்னார்களாம். பிள்ளை வளர வளர வருஷா வருஷம் குழியை ஆழமாக்கினான். நாலரை வயதுப் பிள்ளைக்கு எதற்கு இம்புட்டு ஆழம் என்று மட்டும் அந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை.

"பாத்தியா புள்ள, எப்படி நிமிந்து நிக்கா பாரு!"

"அவளா நிக்கா? மண்ணுல்லா நிப்பாட்டிருக்கு. மண்ணை அள்ளிட்டு நிக்கச் சொல்லுங்க, பாப்போம்."

"உன் வாயில நல்லதே வராதா?"

"அதான் நீங்க ஒருத்தர் இருக்கீகளே. வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

இந்தச் சித்திரையில் டீச்சர் வந்தபோது அவன் வீட்டில் இல்லை. டீச்சர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "என்ன மாரித்தாய், இந்த வருஷமும் நாலரைதானா?" என்று கேட்டார். மாரித்தாய்க்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். "வர்ற ஜூன்ல கூட்டிட்டு வந்துரு. இதை விட்டா ஒண்ணாம் வகுப்புக்கு வயசு கூடிப்போச்சுன்னு ஹெட்மாஸ்டர் எடுக்க மாட்டாரு. பிள்ளைக்குக் காலுதான் வரலை, மூளைக்கு என்ன?"

அன்று சாயங்காலமே புருஷனிடம் சொன்னாள். "ஜூனுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. அதுக்குள்ள நடந்துருவா" என்றான். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர அவள் என்ன செய்வாள்?

ஜூனும் வந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று மாரித்தாய் கம்பெனிக்குப் போகவில்லை. பிள்ளைக்குத் தலை சீவி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஊர்க்காவலன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஊரே பாக்குது புள்ள. இறக்கு."

"பாக்கட்டும். இத்தன நாளா பாக்காத ஊரா?"

"ஒரே ஒரு வருஷம் பொறு. அவளே நடந்து..."

"நடக்க மாட்டா!" மாரித்தாய் நடுரோட்டில் திரும்பி நின்று கத்தினாள். "இந்தச் சென்மத்துல அவ நடக்க மாட்டா! கேட்டுக்கிட்டீகளா? அதுக்காக எழுத்துத் தெரியாம கெடந்து சாகணுமா?"

கத்தி முடித்த பிறகுதான் இடுப்பில் பிள்ளை இருப்பது உறைத்தது. ஐந்து வருஷமாக மனசுக்குள்ளேயே அடக்கி வைத்திருந்ததை, யார் காதில் விழக்கூடாதோ அவள் காதுக்குள்ளேயே கத்தியாகிவிட்டது. பாலம்மாள் அம்மாவின் கழுத்தைக் கட்டியிருந்த கையை எடுக்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு மாரித்தாய் வேகமாக நடந்தாள்.

பள்ளிக்கூடத்தில் தேவமணி டீச்சர் பிள்ளையை வாங்கி பெஞ்சில் உட்கார வைத்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கிற சோதனையை அவளுக்கும் வைத்தார். வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொட வேண்டும். பாலம்மாள் தொடுவதென்ன, காதைப் பிடித்து முறுக்கியே காட்டினாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வயசு எத்தன கண்ணு?"

"நாலரை."

"நெசத்தைச் சொல்லு."

"நெசமாத்தான் டீச்சர். நடக்கிற அன்னிக்குத்தான் அஞ்சு ஆகும்னு அய்யா சொல்லிருக்காக." பாலம்மாள் கொஞ்சம் யோசித்தாள். அழவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "நான் நடக்கவே மாட்டேன்னு அம்மா சொல்லுது. அப்ப எனக்கு இனிமே வயசே ஆகாதா டீச்சர்?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். இவர் ஒரு பக்கம் பொய்யைச் சொல்லி, நான் ஒரு பக்கம் உண்மையைச் சொல்லி, ரெண்டு பேருமாகச் சேர்ந்து பிள்ளையை என்ன பண்ணி வைத்திருக்கிறோம் என்று மாரித்தாய்க்கு நெஞ்சு எரிந்தது.

உள்ளே வர மாட்டேனென்று வாசலில் நின்றிருந்த ஊர்க்காவலன், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"ஏழு முடிஞ்சிருச்சு டீச்சர்" என்றான். குரல் உடைந்து வந்தது. "ஐப்பசி வந்தா எட்டு. ஐம்பத்தொண்ணுல பெறந்தவ. அன்னைக்கு நல்ல மழை." பிறகு மகளின் பக்கத்தில் குனிந்தான். "உனக்கு எட்டு ஆவும் தாயி. ஒம்பதும் ஆவும். எல்லா வயசும் ஆவும். அய்யாதான் தப்பாச் சொல்லிட்டேன்."

டீச்சர் எழுதினார். எழுதி முடித்து, "தினமும் யாரு தூக்கிட்டு வருவீக?" என்று கேட்டார். மாரித்தாய் வாயைத் திறக்குமுன், "நான்தான்" என்றான் ஊர்க்காவலன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில், அத்தனை பிள்ளைகளும் பார்க்க, மகளுக்கு முதுகைக் காட்டி மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டதும் எழுந்து நடந்தான். மாரித்தாய் சிலேட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். மனசு கொஞ்சம் ஆறியிருந்தது. பத்தடி போயிருக்க மாட்டார்கள், அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"தீபாவளி வரைக்குந்தான் அய்யா தூக்குவேன். அப்புறம் நீயே நடந்துரணும், ஆமா."

மாரித்தாய்க்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு பட்ட பிறகுமா? இந்த மனுஷன் திருந்தவே மாட்டானா? நறுக்கென்று நாலு கேட்டுவிட வேண்டுமென்று வாயைத் திறந்தாள். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி என்று தன் கைவிரல்கள் அதுபாட்டுக்கு மடங்கிக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தாள். சீ என்றிருந்தது. தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. ஆனால் மடக்கிய விரல்களைப் பிரிக்கத்தான் மனசு வரவில்லை.