பழுப்பு அன்னபேதி

உத்தமபாளையத்தில் அபுபக்கரின் திராட்சைத் தோட்டத்துக் கொழுந்துகள் மஞ்சளடித்துப்போயின. இரும்புச் சத்துக் குறைவு என்று, கம்பத்து உரக்கடையில் அன்னபேதி உப்பு வாங்கித் தெளித்தார். ஒரு கொழுந்தும் தேறவில்லை.

கல்லூரியில் வேதியியல் படிக்கும் மகள் ஷர்மின் விடுமுறைக்கு வந்தவள், மிச்சமிருந்த உப்பு மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே செங்கல் பொடி போல் பழுப்பாக இருந்தது. கொதித்துப்போய், மூட்டையோடு அத்தாவையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மேல பெரஸ் சல்பேட்டுன்னு போட்டிருக்கு. அதுல சல்பேட்டு மைனஸ் ரெண்டு, அப்ப இரும்பு பிளஸ் ரெண்டு. அது பச்சையா இருக்கும். இது காத்துப்பட்டு பிளஸ் மூணா மாறிருச்சு. இது பேரு பெரிக். தண்ணியில கரையாம அடியில தங்கிருது, இலை எப்படிக் குடிக்கும்?"

கடைக்காரர் சுந்தரலிங்கம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாய், ரெண்டோ மூணோ, எல்லாம் இரும்புதான. பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"விடும்மா, அவுக நமக்குப் பழகுனவுக" என்றார் அபுபக்கர்.

"பழகுனவுகதான் கெட்டதுன்னு தெரிஞ்சே கொடுத்தாக" என்று அத்தாவிடமே சீறினாள். மூட்டையைத் தூக்கி மேசை மேல் கவிழ்த்தாள். பழுப்புத் தூள் சிதறியது.

நின்றிருந்த விவசாயி ஒருவர் குனிந்து பார்த்தார். "எனக்கும் இதத்தான கொடுத்தீக" என்றார்.

சுந்தரலிங்கம் உள்ளே போய்ப் பச்சை உப்பு மூட்டையைக் கொண்டுவந்தார்.

இலைகள் தேறின. ஆனால் நாள் கடந்துபோனதால் அந்த வருடம் குலைகள் சிறுத்தே காய்த்தன. பிறகொரு நாள் கடைத்தெருவில் சுந்தரலிங்கம் நலம் விசாரித்தபோது அபுபக்கர் சிரித்துப் பதில் சொன்னார். ஷர்மின் இருவரையும் பார்க்காமல் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தாள்.